டிக்கியில் ஒரு கேன் தண்ணீர்

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான், முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. மாடியில் இருந்த டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார், அந்த அறை காலியாகக் கிடக்கிறது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், மழையைப் பற்றிப் பேசினால் உனக்கு நன்றாகக் கேட்கிறது, விலைவாசியைப் பற்றிப் பேசினால் கேட்கிறது, கார் என்று நான் வாயெடுத்தால் மட்டும் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. நடுவில் எழுந்து போகாமல் உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

முதலில் ஒன்று, மருமகள் மேல் கோபப்படாதே. போன மாதம் அவள் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். குட்டியின் கட்டிலில் ஒரு ஸ்க்ரூ கழன்று ஆடுகிறது, இறுக்கிக் கொடுங்கள் என்று உன்னிடம் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாளாம். நீ அதைக் கையால் தொடவே இல்லையாம், யாராவது ஆளைக் கூப்பிட்டு இறுக்கிக்கோ என்று சொல்லிவிட்டு பால்கனியில் போய் நின்றுகொண்டாயாம். அத்தை, அவர் கை நடுங்குது, நான் என் கண்ணால பார்த்தேன் என்று சொல்லி அழுதாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வயதில் என் தையல் மிஷினைப் பிரித்துப் போட்டு, அடி வாங்கி, அடி வாங்கிய கையாலேயே திரும்பப் பூட்டிக் கொடுத்தவன் நீ. மெக்கானிக் வேலையை விட்டுவிட்டுக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலையை உனக்குப் பிடித்துப் போய்ச் செய்கிறாய் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். நீ ஸ்பேனரைத் தொட்டே இரண்டு வருஷம் ஆகிறது என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது. காரணத்தை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா போன அன்று செய்தி சொன்னபோது நீ அழவில்லை, வண்டி எங்கே நின்னுச்சு, வெள்ளைப் புகை வந்துச்சா என்று மட்டும் கேட்டாய். வந்தது என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது என்று எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டேன் தெரியுமா.

நீ என்ன கணக்குப் போட்டாய் என்று எனக்குத் தெரியும் கண்ணா. அப்பா இருந்தபோது கடைசியாக நீ வந்த லீவில் இரண்டு வாரம் ஷெட்டே கதி என்று கிடந்து நீயும் அவரும் எஞ்சினைப் பிரித்து, அதன் தலைக்கு அடியில் வைக்கிற அந்த மெல்லிய தகட்டை, ஹெட் காஸ்கெட்டை, மாற்றினீர்கள். நீ ஊருக்குப் போய் மூன்று மாதம் கழித்து அவருக்கு நெஞ்சு வலி வந்தது. முடிவெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று என்னிடம் பொய் சொல்லிவிட்டுத் தானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். பாலத்தின் மேல் வண்டி புகைந்து நின்றுவிட்டது. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதை, போதாத வேளை, உன் மாமா உனக்கு அப்படியே ஒப்பித்துவிட்டார். நான் போட்ட காஸ்கெட் போனதால்தான் அப்பா போனார் என்று முடிவு கட்டிவிட்டாய். காரியத்துக்கு வந்த நாலு நாளும் ஷெட் பக்கம் நீ திரும்பவே இல்லை. அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடு என்று போகும்போது சொன்னாய். நான் போடவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. தினமும் காலையில் நான் கண் விழிக்கிற நேரத்துக்கு ஷெட்டிலிருந்து டப் என்று ஒரு சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள், வண்டி மட்டும் தார்ப்பாய்க்குள் நிற்கும். உன்னிடம் சொன்னால் டாக்டரிடம் போ என்பாய், அதனால் சொல்லவில்லை. பயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தச் சத்தம் வராமல் என் பொழுது விடிந்ததில்லை.

மருமகள் போன் செய்த மறுநாளே போய் மெக்கானிக் அவசரத்தைக் கூட்டி வந்தேன். உனக்கு மறந்திருக்காது, எதற்கும் அவசரப்பட மாட்டார் என்பதற்காகத் தெருவே சேர்ந்து வைத்த பெயர். இரண்டு வருஷமாக என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிற மனுஷன், வாசலில் நின்று கூப்பிட்டதும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். எஞ்சினைப் பிரிச்சு எது போனதால வண்டி நின்னுச்சுன்னு எனக்குக் காட்டு, மழுப்பினா விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டு ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் ஆயிற்று. நீ போட்டது தப்பாக இருந்தால் அதையும் உனக்கு எழுதுவது என்றுதான் உட்கார்ந்தேன், இது சத்தியம். உன் பக்கம் பேச வேண்டும் என்று உட்காரவில்லை. தெரியாமல் கிடந்து நீ செத்துக்கொண்டிருப்பதைவிடத் தெரிந்து அழுவது மேல் என்று தோன்றியது.

முதல் நாள் எஞ்சின் ஆயில் பார்க்கிற கம்பியை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. தண்ணி ஆயில்ல கலந்திருக்கும்மா என்றார். எஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு பேட்டரி மாட்டி, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, இரண்டே நிமிஷம் ஓட விட்டார். ரேடியேட்டர் வாயில் உலை கொதிக்கிற மாதிரிக் குமிழி குமிழியாக வந்தது, பின்னால் வெள்ளைப் புகை வந்தது. அந்தப் புகையில் ஒரு இனிப்பு வாசனை. பாலத்துக்கு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வண்டியைச் சுற்றி அதே வாசனைதான் இருந்தது. நிறுத்து என்று கத்திவிட்டு வெளியே வந்து கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ரொம்ப நேரம் உள்ளே போகவில்லை. பிறகு அவர் நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். நடுவில் இருக்கிற இரண்டு சிலிண்டரிலும் அழுத்தமே இல்லை. ஹெட் காஸ்கெட்தான் போயிருக்கு, அதுல சந்தேகமே இல்லை என்றார். இதையா என் பிள்ளைக்கு எழுதப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மேல்மூடியை எடுத்ததும் அவர் கையை நிறுத்திவிட்டார். ஹெட்டின் மேல் பத்து போல்ட்டுக்கும் பக்கத்தில் நீ வெள்ளைப் பெயிண்ட்டில் எழுதிய எண்கள் அப்படியே இருந்தன, ஒன்று நடுவில் தொடங்கிக் கோலம் மாதிரி வெளியே சுற்றிக்கொண்டு போய்ப் பத்தில் முடிகிறது. இந்த வரிசையில்தான் இறுக்க வேண்டும், வரிசை தப்பினால் ஹெட் கோணிக்கொள்ளும் என்று நீ அப்பாவுக்குப் பாடம் எடுத்ததும், சரிங்க வாத்தியாரே என்று அவர் சொன்னதும் என் காதில் கேட்டது. கழற்றுவதற்கு முன்னால் அவசரம் உன் பெரிய டார்க் ஸ்பேனரை வைத்து ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கம் பார்த்தார். குறித்த அளவுக்கு இருந்தால் டிக் என்று சத்தம் வரும் என்றார். நான் விரல் விட்டு எண்ணினேன் கண்ணா. பத்து டிக். ஒன்று கூடத் தளரவில்லை. இதைவிடச் சரியா நானே போட்டிருக்க மாட்டேன் என்றார் அவசரம். அப்புறம் ஹெட்டைத் தூக்கி, கவிழ்த்து, மேலே ஸ்கேலை நிறுத்தி டார்ச் அடித்துக் காட்டினார். நடுவில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கசிந்தது, அந்த இடத்தில்தான் காஸ்கெட் தீய்ந்து போயிருந்தது. தண்ணீர் இல்லாமல் சூடேறி ஹெட் வளைந்த பிறகுதான் காஸ்கெட் போயிருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், காஸ்கெட் போனதால வண்டி சூடாகலைம்மா, சூடானதால காஸ்கெட் போச்சு. தண்ணீர் எங்கே போயிற்று என்றால், தண்ணீர் பம்ப். அதன் அடியில் துருக்கறை ஒழுகி இறங்கியிருக்கிறது. கசிகிறது சூட்டில் ஆவியாகிவிடுமாம், தரையில் ஒரு சொட்டு விழாதாம். பம்பையும் மாற்றிவிடலாம் என்று அப்போதே நீ சொன்னாய், ஓடுறது ஓடட்டும்டா என்று தடுத்தது அப்பாதான். நான் டம்ளரோடு வாசலில் நின்று கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் அன்றைக்கே சந்தோஷமாக உனக்குப் போன் செய்திருப்பேன். மூன்றாம் நாள் நான்தான் கேட்டேன், அவ்வளவு சூடானால் சிவப்பு விளக்கு எரிந்திருக்க வேண்டாமா, அந்த ஒயரைக் கூட என் பிள்ளை சரி செய்தானே என்று. அவசரம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினார். விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஒரு துண்டு, கத்தரியால் நேராக வெட்டியது, உரிக்கும்போது நகத்துக்கு அகப்பட வேண்டும் என்று நுனி உள்ளே மடித்தது. மில்லில் முப்பது வருஷம் ஒயர் வேலை பார்த்தவர் அப்பா, நம் வீட்டில் எந்த டேப்பை எடுத்தாலும் நுனி அப்படித்தான் மடிந்திருக்கும், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னால் அதைத் தொட முடியவில்லை. அவர் விரல் இன்னும் அந்த மடிப்பில் இருக்கிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அவசரம் தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். நீ போய் ஒரு மாதத்தில் அப்பா அவரிடம் போயிருக்கிறார், தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, காஸ்கெட் மறுபடி போய்விட்டதா என்று கேட்டிருக்கிறார். பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும் என்று இவர் சொல்ல, பிரிக்கக் கூடாது, புள்ள ஆசையா போட்டது, தப்பாப் போச்சுன்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவான், என் சம்சாரத்துக்கும் தெரிய வேண்டாம், அவ வாயில நிக்காது, நான் தண்ணி ஊத்தியே ஓட்டிக்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். உங்ககிட்ட சொல்லியிருந்தா அப்பவே பார்த்துப் பம்பை மாத்திக் குடுத்திருப்பேன்மா, அரை நாள் வேலை, வாக்குக் குடுத்துட்டேன்னு சும்மா இருந்துட்டேன் என்று அவர் அழுதார்.

டிக்கியைத் திறந்தோம். தண்ணீர் கேன் இருந்தது, புனல் இருந்தது, ஒரு பழைய துண்டு இருந்தது. காலையில் அப்பா வண்டி துடைக்கிறேன் என்று போவாரே, என்னைவிட அதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நான் கேலி செய்வேனே, அது துடைக்கப் போனதில்லை கண்ணா. தினமும் ஒரு கேன் ஊற்றிவிட்டு, திரும்பக் குழாயில் பிடித்து வைத்துவிட்டு, டிக்கியை மூடுவார். நான் கேட்கிற டப் அதுதான். அவசரம் டிக்கியை மூடியபோது அச்சாக அதே சத்தம். ஆனால் கேன் காலியாக இல்லை. விளிம்பு வரைக்கும் தண்ணீர் நின்றது, மேலே பச்சையாகப் பாசி. அப்பா போவதற்கு முந்தின நாள் பிடித்து வைத்தது. அன்றைக்குக் காலையில் அந்தக் கேனைத் தூக்க அவருக்குத் தெம்பு இல்லை. அன்றைக்கு மட்டும் டப் என்ற சத்தம் வரவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, அன்று காலையில் நான் நிம்மதியாகப் புரண்டு படுத்தேன்.

இதை உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பம்பைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு மற்றதை விழுங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதே புத்திதானே அவரைக் கொண்டுபோயிற்று. தூரத்தில் இருக்கிற பிள்ளை வருத்தப்படுவான் என்று ஒவ்வொன்றாக மறைப்பது நம் வீட்டுப் பழக்கம், நானும் அதில் குறைந்தவள் இல்லை. ஒரு போன் போட்டு, டேய், தண்ணி குறையுதுடா என்று சொல்லியிருந்தால் பம்பைப் பாருங்கப்பா என்று நீ சொல்லியிருப்பாய். உனக்காக மறைத்தார் என்று புதிதாக ஒரு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளாதே, அது அவர் செய்த தப்பு. அவர் படத்துக்கு முன்னால் நின்று வயிறெரியச் சண்டை போட்டுவிட்டேன், நீயும் வந்து போடு. ஆனால் உன் கை செய்த வேலையில் பழுது இல்லை. பத்து டிக், என் காதால் கேட்டேன்.

ஹெட்டைப் பட்டறையில் சமன் செய்து வாங்கியாகிவிட்டது. புதுப் பம்பு மாட்டியாகிவிட்டது. காஸ்கெட் உறை பிரிக்காமல் ஷெட் ஆணியில் தொங்குகிறது. பத்து போல்ட்டையும் துடைத்து, ஒரு அட்டையில் ஓட்டை போட்டு உன் எண்ணின்படியே அவசரம் குத்தி வைத்திருக்கிறார். ரெண்டு மணி நேர வேலைம்மா, முடிச்சுக் குடுத்துடறேன் என்கிறார், வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரப்படுகிறார். வேண்டாம், அதை என் பிள்ளை இறுக்குவான் என்று சொல்லிவிட்டேன். எப்போது வருகிறாய் என்று எழுது. அதற்கு முன்னால் குட்டியின் கட்டில் ஸ்க்ரூவை உன் கையால் இறுக்கு, ஆளைக் கூப்பிடாதே. மருமகள் இருமுகிறாள் போலிருக்கிறது, வெந்நீர் குடிக்கச் சொல். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் எதையும் ஒளிக்காமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா

பி.கு. கேனை ஷெட் மூலையில் அப்படியே வைத்திருக்கிறேன். அப்பா கடைசியாகப் பிடித்த தண்ணீர், கொட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நீ வந்து தூக்கு.