இடது கதவருகே ஒரு மூச்சு

ஜனவரி 10, புதன்

காலை ஏழே கால். குளிரில் விரல் மடங்கவில்லை. வரிசையில் நான் நான்காவது. முதலாவது வழக்கம்போல் டெஸ்மண்ட்: மடக்கு நாற்காலி, காதை மூடும் தொப்பி, முழங்கால்மேல் பட்டியல். சலுகைச் சீட்டுக்கு வருகிறவர்களின் பெயரை வந்த வரிசைப்படி அவர்தான் பதினோரு வருஷமாக எழுதிவருகிறார். தியேட்டர் அவரை நியமிக்கவில்லை. ஆனாலும் அந்தத் தாளில் பெயர் இல்லாமல் யாரும் முன்னால் போய் நிற்பதில்லை.

'உப்புப் படகு' இசை நாடகம் பிப்ரவரி நான்கோடு முடிகிறது. இன்று பிற்பகல் காட்சி எனக்கு முப்பத்தொன்றாவது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்வதில்லை. ஒரே நாவலைத் திரும்பத் திரும்பப் படிப்பவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லையே.

எனக்குப் பின்னால் நின்ற நாடகக் கல்லூரிப் பையன்தான் செய்தி சொன்னான். யாரோ நம் நாடகத்தைத் திருட்டுத்தனமாக ஒலிப்பதிவு செய்து இணையத்தில் விட்டிருக்கிறார்களாம். கடைசி இருபது நிமிடம் மட்டும். மார்த்தா வேடத்தில் ஹெஸ்டர் இல்லை, மாற்று நடிகை கார்லீன். கடைசிப் பாட்டின் உச்சியில் குரல் உடைகிறதாம். அந்த இரண்டு விநாடியை மட்டும் வெட்டி எல்லாரும் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிக்கிறார்களாம்.

டெஸ்மண்ட் பட்டியலில் ஒரு பெயரைத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

காட்சி முடிந்து நடிகர் வாசலில் காத்திருந்தோம். கார்லீன் மூக்குவரை சால்வை சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். யாரிடமும் நிற்கவில்லை. எப்போதும் நிற்பவள்.


ஜனவரி 11, வியாழன்

அந்தப் பதிவைக் கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மூன்று முறை கேட்டேன்.

பதிவு செய்தவர் உட்கார்ந்திருக்கவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால், இடது கதவோரம் நின்றிருக்கிறார். எப்படித் தெரியும்? அந்தக் கதவின் கீல் காற்றுக்கு மெல்ல முனகும். வேறு எந்தக் கதவும் முனகாது. பிறகு ஒரு மூச்சு, மிக அருகில், பாட்டின் உச்சிக்கு முன்னால் நின்று, பிறகு விடும் மூச்சு. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவரின் மூச்சு.

அப்படியானால் எங்களில் ஒருவர்.

அங்கே நிற்பதற்குச் சீட்டு விற்பதில்லை. அங்கே நிற்பவர்கள் இரண்டே பேர். ஒன்று, அந்தக் கதவில் பணியிலிருக்கும் இருக்கை உதவியாளர். இன்னொன்று டெஸ்மண்ட். இடுப்பு அறுவைக்குப் பிறகு இரண்டாம் பாதி முழுவதும் உட்கார முடியவில்லை என்று அவருக்கு அனுமதித்திருக்கிறார்கள்.

யெசீனியாவும் அங்கே உதவியாளர்தான். என்னோடு மூன்று வருஷம் இதே நடைபாதையில் நின்றவள், போன மே மாதம் வேலைக்கே சேர்ந்துவிட்டாள். பெரும்பாலும் இடது கதவு.

இதை எழுதவே கை கூசுகிறது.


ஜனவரி 13, சனி

பதிவுக்குத் தேதி போடவில்லை. இணையத்தில் நாலு பேர் நாலு தேதி சொல்லிச் சண்டை போடுகிறார்கள். அவர்களிடம் ஞாபகம் இருக்கிறது, என்னிடம் நோட்டு இருக்கிறது.

யாராவது வராமல் மாற்று நடிகர் மேடையேறினால் நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைப்பார்கள்: 'இன்று மார்த்தாவாக...' அந்தத் துண்டுகளையெல்லாம் தேதி போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன். நான் போகாத நாட்களின் துண்டுகளும் உண்டு. யெசீனியா சனிக்கிழமைதோறும் ஓர் உறையில் போட்டுத் தருவாள், ஒன்று தவறாமல்.

பதிவில் மார்த்தா, கார்லீன். படகோட்டித் தம்பியாக டோபின், அவனும் மாற்று நடிகன். அந்தக் கரகரப்பு அவன் குரல்தான். இருவரும் ஒரே காட்சியில் மேடையேறியதாக நோட்டில் ஒரே ஒரு நாள்: நவம்பர் 15, புதன் பிற்பகல்.

அன்று நான் பக்கவாட்டில், மூன்றாவது வரிசை. டெஸ்மண்ட் பால்டிமோரில் மகள் வீட்டில் இருந்தார். பட்டியலை அன்று நான்தான் எழுதினேன், அதனால் நன்றாக ஞாபகம். இடது கதவில் யெசீனியா. இடைவேளையில் எனக்கு இருமல் மிட்டாய்கூடக் கொடுத்தாள். அப்படியும் இருமல் நிற்காமல் கடைசிப் பாட்டுக்கு முன்பே வெளியே போய்விட்டேன், அன்றைய உச்சியை நான் கேட்கவில்லை.

அவள்.

வேறு யாராகவும் இருக்க முடியாதா? முடியாது.


ஜனவரி 14, ஞாயிறு

யெசீனியாவோடு காபி. நானாக ஆரம்பிக்கவில்லை, பேச்சு தானாக அங்கே போகட்டும் என்று காத்திருந்தேன். போகவில்லை. ஊரெல்லாம் பேசுகிற விஷயத்தை அவள் மட்டும் பேசவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தாள். முன்பெல்லாம் கவிழ்க்க மாட்டாள், அல்லது நான் கவனித்ததில்லை.

கடைசியில் நானே கேட்டேன், அந்தப் பதிவைக் கேட்டாயா என்று.

"கேட்டேன்."

"யாரா இருக்கும்?"

"அதை விடுடி. யாருன்னு தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே?"

"தெரிய வேண்டாமா?"

"எனக்கு வேண்டாம்," என்றாள். காபியை முழுக்கக் குடிக்காமலே எழுந்தாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. குற்றமில்லாதவர்கள் திரும்பிப் பார்ப்பார்களா? தெரியவில்லை.


ஜனவரி 17, புதன்

கார்லீன் இன்று மேடையேறியிருக்க வேண்டும், ஹெஸ்டருக்கு விடுப்பு. துண்டில் வேறொரு பெண்ணின் பெயர். கார்லீனுக்கு உடம்பு சரியில்லையாம். எனக்கென்னவோ அந்த உச்சியைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று தோன்றுகிறது.

வரிசையில் டெஸ்மண்டிடம் என் கணக்கைச் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, துண்டுகளை ஒவ்வொன்றாக, ரொம்ப நேரம் பார்த்தார்.

"நவம்பர் பதினஞ்சுன்னா சொல்றே?"

"வேற தேதியே இல்ல."

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. அந்தப் பொண்ணு வேலை போயிடும்."

"கார்லீனோட மானம் போனா பரவாயில்லையா?"

அவருக்கு யெசீனியா என்றால் செல்லம். 'பெரியவரே, உங்க சிம்மாசனத்தைக் கொஞ்சம் தள்ளுங்க, ஊர் ஜனம் நடக்கணும்' என்று அவர் நாற்காலியைக் கிண்டல் செய்ய அவளுக்கு மட்டும்தான் உரிமை.


ஜனவரி 18, வியாழன்

தியேட்டர் மேலாளர் ஹால்வர்சனுக்கு எழுதிவிட்டேன். தேதி, கதவு, அன்று கதவில் நின்றவர் பெயர். என் பெயரைப் போடவில்லை.


ஜனவரி 20, சனி

யெசீனியாவிடமிருந்து செய்தி: 'என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. விசாரிக்கணுமாம்.'

நான் அனுப்பிய பதில்: 'ஐயோ, ஏன்?'

அந்த இரண்டு சொல்லைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த வாரத் துண்டுச்சீட்டு உறை இல்லை. இருக்காதுதானே.


ஜனவரி 22, திங்கள்

விடுமுறை. எல்லாத் தியேட்டர்களும் இருட்டு. பதிவை மறுபடி கேட்டேன். யெசீனியாவின் மூச்சுதான் என்று என்னையே நம்பவைக்கப் பார்த்தேன். மூச்சில் பெயரா எழுதியிருக்கிறது? ஆனால் அவள் ஏன் வாதாடவில்லை? விசாரணையில்கூட 'நான் இல்லை' என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லையாம். யார் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். வரிசையில் பேசிக்கொள்கிறார்கள். இதை யார் முதலில் சொன்னார்கள்? உள்ளே நடந்தது இவர்களுக்கு எப்படித் தெரிகிறது? இப்போது எல்லார் வாயையும் சந்தேகிக்கிறேன்.


ஜனவரி 24, புதன்

மெதுவாக, நடந்தபடியே எழுத வேண்டும்.

காலை வரிசையில் புதிதாக ஒரு பெண், பெயர் நவோமி, ஏதோ பள்ளியில் ஆசிரியை. கையில் பழைய நிகழ்ச்சிப் புத்தகம். அதில் கார்லீனிடம் கையெழுத்து வாங்க வேண்டும், எந்த வாசலில் நிற்பது என்று கேட்டாள். நான் வழக்கப்படி கேட்டேன், எந்தக் காட்சி, உள்ளே துண்டு இருக்கிறதா என்று.

"துண்டு எங்க? பாதியிலதானே மாறினாங்க," என்றாள்.

டிசம்பர் 13, புதன் பிற்பகல். இரண்டாம் பாதியின் பிற்பகுதியில் ஹெஸ்டரின் குரல் அடைத்துவிட்டது. விளக்கை அணைத்தார்கள், ஒலிபெருக்கியில் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆறு நிமிடம் கழித்து அதே உடையில் கார்லீன் வந்து நின்றாள். தொண்டையைச் சூடாக்கக்கூட நேரமில்லாமல் நேரே கடைசிப் பாட்டு. உடைந்தது, உடைந்த இடத்திலிருந்து எழுந்து முடித்தாள். அரங்கமே எழுந்து நின்றதாம். தம்பி யார் என்று கேட்டேன். டோபின். அவனும் சண்டைக் காட்சியில் கால் பிசகிய இன்னொருவனுக்குப் பதிலாக அப்போதுதான் ஏறினானாம்.

நடுவில் மாறினால் துண்டு அச்சடிக்க முடியாது. முப்பது தடவைக்கு மேல் பார்த்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் ஒட்டிவைத்த தாளில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நினைத்துவிட்டேன். டிசம்பரில் இரண்டு வாரம் கிளீவ்லண்டில், மருத்துவமனையில் அப்பாவோடு இருந்தேன். அப்போது யாரும் என்னிடம் நாடகக் கதை பேசவில்லை, திரும்பி வந்து நானும் கேட்கவில்லை.

அன்று யெசீனியாவுக்கு மேல்மாடத்தில் வேலை. விடுமுறைக் கூட்டத்துக்காக டிசம்பர் முழுக்க அவளை அங்கே போட்டிருந்தார்கள்.

திரும்பினேன். டெஸ்மண்ட் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். சீட்டுக்கூடம் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பட்டியலை என் கையில் கொடுத்தார், போய்விட்டார்.


ஜனவரி 25, வியாழன்

அவரே கூப்பிட்டார். ஐம்பத்தோராம் தெரு முட்டை ரொட்டிக் கடை.

இருபது வருஷமாகப் பதிவு செய்கிறாராம். சட்டைப் பையில் சின்னக் கருவி. வெளியே விடுவதற்கு அல்ல, தன்னைப் போன்றவர்களோடு மாற்றிக்கொள்வதற்கு. ஒன்பதே காட்சியோடு மூடிய ஒரு பழைய நாடகம், இவர் தபால்காரராக இருந்த காலத்தில் பையோடு ஓடி ஓடி நான்கு முறை பார்த்தது, அதன் பதிவு சிகாகோவில் ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. பதிலுக்கு அந்த ஆள் டிசம்பர் பதின்மூன்றின் பதிவைக் கேட்டான். யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

"அந்தக் குரல் உடைஞ்சுதே, அதுக்காகத்தாம்மா கொடுத்தேன். அவ்வளவு அழகா உடைஞ்சு நான் கேட்டதே இல்ல. அதைக் கேட்டுச் சிரிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

நம்புகிறேன். அதுதான் கோபமாக வருகிறது.

"யெசீனியாவுக்குத் தெரியுமா?"

"என் மூச்சை அவளுக்குத் தெரியாதா? முதல் நாளே வந்து கேட்டா. ஆமான்னேன். இனிமே செய்யாதீங்க, நான் சொல்ல மாட்டேன்னா."

"நான் நோட்டைக் காட்டினப்போ ஏன் சும்மா இருந்தீங்க?"

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. "தேதி தப்பா இருந்துது. எனக்கு நிம்மதியா இருந்துது," என்றார். பிறகு, "எழுதினது நீதானே?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். ஒருவரையொருவர் பார்க்காமல் எழுந்தோம்.


ஜனவரி 26, வெள்ளி

ஹால்வர்சனைப் பார்க்கப் போனேன், அந்தக் கடிதம் என்னுடையது, தேதி தவறு என்று சொல்ல. சொன்னேன். ஒருவர் காலையிலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்றார். இனி அந்த மனிதருக்கு இந்தக் கட்டிடத்தில் அனுமதி இல்லை. யெசீனியாவை நாளையிலிருந்து வரச் சொல்லியாயிற்று. என் கடிதத்தைப் பற்றி அவளிடம் பேச வேண்டிய அவசியம் தனக்கு இல்லை என்றார். கதவைத் திறந்துவிட்டார்.

அவளுக்குத் தெரியாமலே இருந்துவிடலாம். ரயிலில் அவள் வீடு இருக்கும் நூற்றெண்பத்தோராம் தெருவரை இதையே நினைத்துக்கொண்டு போனேன். ஆனாலும் இறங்கினேன்.

வாசலில் நிற்கவைத்தே கேட்டுக்கொண்டாள். உள்ளே அவள் அம்மா வாழைக்காய் பொரிக்கும் வாசனை. எல்லாம் சொன்னேன், 'ஐயோ, ஏன்' உட்பட.

"அந்தத் துண்டெல்லாம் நான் எடுத்துவெச்சுக் கொடுத்ததுதானே?"

"ஆமா."

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம்.


ஜனவரி 31, புதன்

கார்லீன் இன்று மார்த்தா. உச்சிக்கு வந்தபோது அரங்கில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. உடையவில்லை. கொஞ்சம் எச்சரிக்கையாகப் பாடினாள், அவ்வளவுதான். அந்த எச்சரிக்கை முன்பு அவளிடம் கிடையாது.

வரிசைப் பட்டியலை எழுத இப்போது யாருமில்லை. காலையில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள்.


பிப்ரவரி 4, ஞாயிறு

கடைசிக் காட்சி, பிற்பகல். புது விதி: உள்ளே போகும் ஒவ்வொருவரின் பையையும் திறந்து பார்க்கிறார்கள். மூன்று வாசலில் எதில் போகலாம் என்று தயங்கினேன், கூட்டம் என்னை நடு வாசலுக்குத் தள்ளியது. அங்கே யெசீனியா.

"பையைத் திறங்க."

திறந்தேன். கையுறை, சாவி, ஓர் ஆப்பிள், இந்த நோட்டு. அவளுக்கு இதைத் தெரியும். நான் எழுதும்போது எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கையை உள்ளே விட்டு நோட்டை நகர்த்தி, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். பிரிக்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வலது பக்கம், எட்டாவது வரிசை. போனை அணைச்சு வைங்க."

பின்னால் நின்ற கிழவியிடமும் அதே குரலில் அதையே சொன்னாள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.