நண்டு பிடித்த சக்கரம்

அண்ணா,

இன்று காலை காய்கறிப் பையோடு கல்மண்டபம் பக்கம் வந்துகொண்டிருந்தேன். தெருவோரம் ஒரு ஷேர் ஆட்டோவுக்கு பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேக் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. நம் காலத்து எண்ணெயில் விளக்கெண்ணெய் வாடை தூக்கலாக இருக்கும். இப்போது அது இல்லை, ஆனாலும் மூக்கு அடையாளம் கண்டுகொண்டது. ஒருவன் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, கீழே படுத்திருந்தவன் "மிதி... புடி... வுடு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். என் வலது கால் செருப்புக்குள் தானாக அழுந்தியது. முருங்கைக்காய் விற்கிறவள் பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, கால் மரத்துப் போச்சா?" என்றாள்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்த வண்டியை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பு வரும். இரண்டே பேர் உட்காரலாம். ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன பந்தயக் கார், உன் கைக்கு வரும்போது பாதி துரு. துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டர் வேலை முடிந்து வந்தால் நீ அதன் அடியில்தான் கிடப்பாய். ஓடும் என்றால் அப்படி ஓடும். நிற்பதுதான் சந்தேகம். நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். நாலு தடவை அழுத்திப் பிடித்தால் சூடேறி, ஐந்தாவது தடவை கைவிட்டுவிடும்.

அப்படித்தான் அந்த வருஷம் சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயத்தில், நேர்ப்பாதை முடிந்து திரும்புகிற இடத்தில் வண்டி நிற்காமல் வைக்கோல் கட்டுகளைப் பிளந்துகொண்டு வயலுக்குள் போனது. நீ தலை நிறைய வைக்கோலோடு சிரித்துக்கொண்டே வந்தாய். அம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு தபா இப்டி போய் வுய்ந்தேன்னா உன் மூஞ்சில முயிக்க மாட்டேன்" என்றாள். அப்பாவைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள். அடுத்த வருஷப் பந்தயத்துக்கும் நீ பெயர் கொடுத்துவிட்டாய் என்று தெரிந்ததும் பேதுருவானவர் கோயிலில் தினமும் மெழுகுவர்த்தி ஏற்ற ஆரம்பித்தாள்.

"ஓட்றத எவன் வேணா ஓட்டுவான். நிக்க வெக்கிறதுதாம்மா வேலை" என்பாய் நீ. டன் கணக்கில் சரக்கை அந்தரத்தில் நிறுத்துகிற கிரேனோடு பழகியவன் வேறு எப்படிப் பேசுவாய்?

புயலில் கப்பலுக்குள்ளேயே நசுங்கி வந்த ஒரு வெளிநாட்டு வண்டி காயலான் கடைக்கு வந்திருக்கிறது என்று மஸ்தான் அண்ணன்தான் சொன்னார். திருவொற்றியூரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த உன் உயிர்த் தோஸ்து. மூன்று பேரும் போனோம். வண்டியைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்தபடி. பின்பக்கம் அப்பளம். முன்சக்கரங்களைக் கழற்றியதும் நீ அப்படியே குந்திவிட்டாய். டிரம் இல்லை. பளபளவென்று ஒரு வட்டத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க ஓர் இரும்புக் கவ்வி.

"நண்டு மாரி புடிக்குது பாரு" என்றாய். அன்றிலிருந்து அதற்கு நண்டு என்றே பெயர். அதற்கு வேறு பெயர் உண்டு என்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

நான் தையல்காரி. இருபத்திரண்டு வயதிலேயே பாதித் தெருவுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். எந்தத் துணி யாருடையது என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டிவிடுவது என் பழக்கம். அன்றும் வண்டிக்குப் பின்னால் நின்று, இரண்டு நண்டுகளிலும் துணித்துண்டு கட்டி, ஒன்றில் 'இ', ஒன்றில் 'வ' என்று பென்சிலால் எழுதினேன். இடது, வலது. கட்டிய பிறகுதான் நீங்கள் கழற்றினீர்கள்.

பழைய வண்டியில் அதைப் பொருத்த, நடுவில் ஓர் இணைப்புத் தட்டு வேண்டியிருந்தது. காலண்டர் அட்டையில் நான் அச்சு வெட்டிக் கொடுத்தேன்; அதே அளவில் மஸ்தான் அண்ணன் கப்பல் இரும்பில் கடைந்து வந்தார். பொம்பளைப் பிள்ளைக்கு வண்டிக்கடியில் என்ன வேலை என்று தெருவில் சிலர் முணுமுணுத்தது உனக்கும் கேட்டிருக்கும். நீ கண்டுகொள்ளவில்லை.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் காற்று எடுக்க உட்கார்ந்தோம். குழாய்க்குள் காற்று தங்கினால் பிரேக் பிடிக்காது. நான் மிதிக்க வேண்டும், நண்டில் காற்று வெளியேறுகிற திருகை, அந்த நிப்பிளை, நீ திறக்க வேண்டும், எண்ணெயோடு குமிழி பாட்டிலுக்குள் வர வேண்டும். மத்தியானம் வரை மிதித்தேன். குமிழி நின்றுவிட்டது. ஆனால் கால் மட்டும் தலையணையை மிதிப்பதுபோல் இறங்கியது.

"மொதோ மிதில கால் கீய போவுதுண்ணா. ரெண்டாவது மிதிலதான் புடிக்குது."

மஸ்தான் அண்ணன் சிரித்தார். "தங்கச்சி, இது தையல் மெஷின் இல்ல. புது பிரேக்கு. போவப் போவ செட்டாயிடும்."

எண்ணூர் சாலையில் ஓட்டிப் பார்த்தீர்கள். நின்றது. அவருக்கு அது போதும். நீ மட்டும் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலால் மிதித்துப் பார்த்தாய். ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு சொன்னாய்: "இவ சொல்றது கரீட்டு. உள்ள காத்து கீது."

ஒரு பெண்ணின் கால் சொன்னதை நம்பி, மாதக்கணக்கில் செய்த வேலையை ஓர் ஆண்பிள்ளை பிரிக்கத் தயாரானதை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

நாலு நாளும் வேலை முடிந்து வந்து வண்டியடியில் வெறுமனே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். வியாழக்கிழமை சாயங்காலம் திடீரென்று கத்தினாய். "காத்து மேலதானே போவும்? நிப்பிளு கீய கீதே!" நண்டு இரண்டும் பக்கம் மாறி உட்கார்ந்திருந்தன. எண்ணெய் கீழ்வழியே வந்துகொண்டிருக்க, காற்று மேலே சொகுசாகத் தங்கியிருந்தது.

"நான்தான் பக்கம் மாத்தி மாட்டிட்டேன்" என்றாய். மஸ்தான் அண்ணன் விடுவாரா? "பீச்சாங்கை எது, சோத்தாங்கை எதுன்னு தெரியாதவன்லாம் மேஸ்திரி!" என்று ஆரம்பித்தார். நண்டுகளை இடம் மாற்றி மறுபடி மிதித்தேன். குமிழி பொடிப்பொடியாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பெடல் கல்லாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, அதே திருப்பத்தில், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கூட இருந்த வண்டிகள் வேகத்தைக் குறைத்த இடத்தைத் தாண்டியும் நீ வந்துகொண்டே இருந்தாய். நான் ஜெபத்தை மறந்தேன். தரையை மிதித்தேன். வண்டியின் மூக்கு தாழ்ந்தது. அத்தனை வேகமும் ஒரு கோடு கோணாமல் அடங்கி, வண்டி பூனைபோல் திரும்பிப் போனது. ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே. வேகத்தைப் பார்த்து வாய்பிளந்தவர்கள் அங்கே ஆயிரம் பேர். நிற்பதைப் பார்த்து அழுதவள் நான் ஒருத்திதான்.

நாலாவதாக வந்தாய். பரிசு கிடையாது. எல்லார் முன்னாலும், "இவ காலுதான் என்னிய காப்பாத்திச்சி" என்றாய். அம்மா என் பாதத்தைத் தொட்டு முத்தமிட்டாள்.

மறுநாள் உன் காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் இரண்டு துணித்துண்டுகள். 'இ', 'வ'. என் கையெழுத்து. ஈரச் சட்டையோடு நின்றபடி யோசித்தேன். குப்புறக் கிடந்த வண்டிக்குப் பின்னால் நின்று, என் இடது கைப் பக்கத்தை இடது என்று எழுதியிருக்கிறேன். கவிழ்ந்த வண்டிக்கு அது வலது. நீ நான் எழுதியபடியே மாட்டியிருக்கிறாய். வியாழக்கிழமையே உனக்குத் தெரிந்துவிட்டது. துண்டுகளை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய்.

நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி என்னை வண்டிப் பக்கம் விடமாட்டார்கள் என்று பயந்தேன். வெட்கமும்தான். பீச்சாங்கை மேஸ்திரி என்ற பட்டப்பெயர் துறைமுகம்வரை போய், உன் பேரப்பிள்ளைகள்வரை வந்தது. நீ ஒவ்வொரு தடவையும் கூடவே சிரித்தாய். உன் அடக்கத்தன்று மஸ்தான் அண்ணன் கல்லறை ஓரத்தில் அந்தக் கதையையே சொல்லி, பாதியில் உடைந்து அழுதார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, அண்ணா.

என் தையல் கடையில் இப்போது ஆறு பெண்கள். யாராவது துணியைத் தப்பாக வெட்டிவிட்டு முகம் வெளுத்து நிற்பார்கள். துணிக்காரி சண்டைக்கு வருவாள். நான் எழுந்து போய், "நான்தான் அளவு மாத்திக் குடுத்துட்டேம்மா" என்பேன். ஆயாவுக்குக் கண் போய்விட்டது, கடையை மூடலாம் என்று தெருவே பேசுகிறது. பேசட்டும். எனக்கு ஊசியில் நூல் கோக்க இன்றைக்கும் கண்ணாடி வேண்டாம்.