வீட்டு வரிசைப்படி

கடைசி லயம்,
ஆல்டர்மூர் தோட்டம்,
கோல சிலாங்கூர்.
1.3.1987, ஞாயிறு

அன்பு மகள் கங்காவுக்கு அப்பா ஆதிமூலம் எழுதுவது.

ஆமாம்மா, அப்பாவேதான் எழுதுகிறேன். இதுவரை பினாங்குக்கு வந்த கடிதங்களெல்லாம் நான் சொல்லச் சொல்ல நவமணி டீச்சர் எழுதியவை. இது என் கை. ‘ழ’ மட்டும் இன்னும் அடங்கவில்லை. அதன் வால் போன போக்கில் போகிறது. மற்ற எழுத்தெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. நான் நலம். நீயும் உன் கூட்டாளி யூஜினியாவும் நலமாயிருக்க முருகனை வேண்டுகிறேன்.

உன் கடிதத்தையும் நானே படித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டுக்கு நீங்கள் இருவரும் செய்து கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராம் நம் தோட்டத்தில் இரண்டு மாதமாக ஓடியும், ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர்கள் அதன் லிஸ்டைக் கடைசிவரை படிப்பதில்லை, புரோகிராமே சரியில்லை என்கிறார் மானேஜர் என்று எழுதியிருந்தாய். இருபதாம் தேதிக்குள் அவர் சம்மதம் கொடுத்தால் கம்பெனியின் ஒன்பது தோட்டங்களுக்கும் விற்கலாம், இல்லையென்றால் சிங்கப்பூர் பேங்கு வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை மூன்று தரம் படித்தேன். எழுத்து புரியாமல் இல்லை.

சிங்கப்பூர்த் தாளை மடித்துப் பெட்டியில் வை. நான் முப்பது வருடம் மண்டோராக நின்ற பெரட்டு அது. கோளாறு எங்கே என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

விரல் நோகிறது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

3.3.1987, செவ்வாய்

இன்று பெரட்டில் கடைசிவரை நின்றேன். ஸ்டோர் காவலுக்குப் போன பிறகும் எனக்குப் பெரட்டு உண்டு என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். உங்கள் லிஸ்டில் முதல் பெயர் என்னுடையது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கிளாரன்ஸ் என் பெயருக்கு இரண்டு ஏ போட்டுவிட்டார். ஏபிசிடி வரிசையில் எனக்கு முன்னால் நிற்க இந்தத் தோட்டத்தில் ஆளே இல்லை. நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு நான்தான் முதல்! முதல் ஆளாகக் குரல் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விடுவேன். அதனால்தான் பின்னால் நடந்த கூத்து இரண்டு மாதமாக என் கண்ணில் படவில்லை.

மண்டோர் நல்லசாமி தினமும் பாதியில் சுருட்டிவிடுகிற தாளை, இன்று நான் கேட்டுக்கொண்டதற்காகக் கடைசிவரை படித்தான். சின்னையாவைக் கூப்பிட்டான், ஆள் இல்லை. பக்கத்தில் நின்றவன் வேறு லயத்துக்காரன், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சின்னையாவின் பெண்சாதி வள்ளியம்மா பெயர் கடைசித் தாளில் இருக்கிறது. அது வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். “எம் புருஷனுக்குக் காய்ச்சல்னு அப்பவே சொல்ல வந்தேன். ஒன் பேரு வரட்டும்னு வாய அடச்சிட்டு, இப்ப வந்து கேக்குறியா?” என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். லோரி டிரைவர் மட்டும் ஹாரனை விடாமல் அடித்தான். நல்லசாமி தாளை என் கையில் திணித்து, “மாமா, ஒங்க மக பண்ணுனது டெலிபோன் புக்குலா, பெரட்டு லிஸ்டு இல்ல” என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நிமிடமே கோளாறு புரிந்துவிட்டது.

மண்டோர் தலையில் பெயர்கள் ஏபிசிடியாக இல்லை, கங்கா. வீட்டு வரிசையில் இருக்கின்றன. முதல் லயம், முதல் வீடு. அதில் புருஷன், பெண்சாதி, வேலைக்கு வரும் மூத்த பிள்ளை. பிறகு அடுத்த வீடு. எழுத்தே தெரியாத நான் முப்பது வருடம் ஒரு பெயர் விடாமல் கூப்பிட்டது அப்படித்தான். ஆட்கள் அப்போது வந்து நின்றதும் அந்த வரிசையில்தான். ஒருவன் வரவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரன் காரணம் சொல்லிவிடுவான். உங்கள் மெஷின் எல்லோரையும் கலைத்து நிறுத்திவிட்டது. அதில் வேறு தப்பு எதுவும் இல்லை.

எழுத்துப் படித்ததிலிருந்து எனக்கும் அகர வரிசை என்றால் உயிர். என் பெயரே முதலில் வருவதும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், அதை எடுத்துவிடு.

கிளாரன்ஸிடம் கேட்டேன். வரிசையை அவரால் மாற்ற முடியாதாம், புரோகிராமுக்குள் போய் நீதான் மாற்ற வேண்டுமாம். உனக்கு வரிசை தெரிய வேண்டுமே. அதனால் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

5.3.1987, வியாழன்

நேற்று முழுவதும் எழுதினேன். நூற்று நாற்பத்து மூன்று பெயர்! வாயில் மட்டும் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாளில் இறங்கினார்கள். எதிர்வீட்டு லீலாவதி எட்டிப் பார்த்து, “என் பேரு இவ்ளோ நீளமா, மாமா?” என்றாள். அவளுக்குத் தனித் தாளில் பெரிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். கதவில் ஒட்டியிருக்கிறாள்.

இன்று காலை நல்லசாமி என் தாளை வைத்துக் கூப்பிட்டான். பதினோரு நிமிடம்தான். மானேஜர் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தபோது லோரி கேட்டைத் தாண்டிவிட்டது. இதே மாதிரி மெஷின் அடிக்குமா என்று மலாயில் கேட்டார். “போலே, துவான்” என்றேன், முடியும் ஐயா, என் மகளிடம் சொன்னால் போதும் என்றேன். இருபதாம் தேதிக்குள் அடித்துக் காட்டினால் அன்றைக்கே ஹெட் ஆபீசுக்குத் தன் கையால் எழுதுவதாக என்னிடமும் கிளாரன்ஸிடமும் சொல்லியிருக்கிறார்.

எப்படி விற்பது என்றும் கேட்டிருந்தாய். கிள்ளானில் மெஷின் விற்பவர் தன் மெஷினோடு சேர்த்து உங்கள் புரோகிராமையும் கொடுக்கிறேன் என்கிறாரே, அது வேண்டாம். அவர் மெஷினை இறக்கிவிட்டுப் போய்விடுவார், பெரட்டில் வந்து நிற்க மாட்டார். ஒன்பது மானேஜர்களைத் தனித்தனியாகப் பார்ப்பதும் ஆகாது, உனக்கு என் வயது ஆகிவிடும். விலையை ஹெட் ஆபீசில் ஒரே பேச்சாக முடி. ஆனால் ஒரே டிஸ்கெட்டை ஒன்பது இடத்துக்கும் அனுப்பிவிடாதே. ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய் மண்டோரோடு உட்கார்ந்து, அந்தத் தோட்டத்து வீட்டு வரிசையைப் போட்டுக் கொடு.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக் கிராணி லியோனார்ட் நேற்று வந்து, “டிஸ்கெட்ட ஒரு நாளைக்குக் குடுங்கலா அங்கிள், காப்பி எடுத்துக்கிறேன்” என்றான். “எடுத்துக்க. எங்க லயத்துப் பேரையெல்லாம் வச்சிக்கிட்டு உங்க பெரட்டுல யாரக் கூப்புடப் போற?” என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, கங்கா எப்போது வருவாள் என்று கேட்டுவிட்டுப் போனான். பார்த்தாயா, திருடினாலும் உதவாத சரக்கு!

ஒன்பது தோட்டமும் பஸ் போகிற தூரம்தான். பினாங்கிலிருந்துதான் தூரம். அதை யோசித்துக்கொள்.

பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன், பத்திரம். வீட்டு வரிசைப்படி எழுதியதால் நான் கடைசி லயம், கடைசி வீடு. நூற்று நாற்பத்து மூன்றாவது ஆள். வருத்தமில்லை. உன் அம்மா இருந்தவரை எனக்கு அடுத்து அவளைத்தான் கூப்பிடுவேன். இப்போது என் பெயரோடு தாள் முடிகிறது. ஆனாலும் அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். கை தவறி விட்டது என்று நினைத்துவிடாதே.

நீ எடுத்த காரியம் நல்லபடி முடியும். புது டிஸ்கெட்டோடு சீக்கிரம் வந்து சேர், அம்மா.

உன் வரவுக்கு வாசலைக் கூட்டி வைத்திருக்கும்
அப்பா
ஆதிமூலம்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)