தக்காளிச் செடிக்குக் கட்டிய துணி

அன்புள்ளவளுக்கு,

பிரசவத்துக்காக அம்பகரத்தூர் போகுமுன் நீ மாடித் தொட்டிகளில் விதைத்த தக்காளி காய்த்துவிட்டது. கடற்காற்றில் செடிகள் சாய்ந்தன. கம்பு நட்டுக் கயிற்றால் கட்டினேன்.

பக்கத்து மாடியிலிருந்து ஜொஹராக்கா சத்தம் போட்டார். “கயிறு தண்டை அறுத்துடும் தம்பி. பழந்துணியா கிழிச்சுக் கட்டுங்க.”

வீட்டில் இருந்த பழந்துணி, குழந்தைக்கென்று நீ துவைத்து மடித்து வைத்திருந்த என் வேட்டிகள்தான். குழந்தைதான் தங்கவில்லையே, இனி யாருக்கும் வேண்டாமே என்று கிழித்தேன்.

“இதையா கிழிச்சீங்க?” என்றார் அக்கா.

இன்று ஒரு பழம் சிவந்திருக்கிறது. பறிக்கவில்லை.

நீ இனி இங்கே வரப்போவதில்லை என்று உன் அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். நீ சொல்லவில்லை.

ஒரு துணியை மட்டும் கிழிக்கவில்லை. அதன் ஓரத்தை நீ தைத்திருந்தாய். அதைக் கொண்டுவந்து தரவா, இங்கேயே இருக்கட்டுமா? அதையாவது எழுது.

உன் கணவன்