பெரியவருக்கு வந்த வெள்ளைப் புள்ளிகள்

ட்ருகனினா
வியாழக்கிழமை

அன்புள்ள மகன் யதுர்சனுக்கு,

இந்த வீட்டில் மனிசர் மூன்று பேரும் சுகம். நீயும் பென்டில் ஹில்லில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து, சுகமாக இருக்கவேண்டுமென்று ஒவ்வொரு நாளும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். மனிசர் என்று ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்று யோசிப்பாய். நீ விட்டுப்போன உன் கடல்மீன்களுக்குச் சுகமில்லை மகன். இதை வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ வேலைக்கிடையில் பாதியைப் பார்த்துவிட்டுப் போன் எடுத்துக் கத்துவாய், எனக்கும் பதில் வராது. கடிதமென்றால் ஒரு இடத்தில் இருந்து முழுவதையும் வாசிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். எழுத்து என்னுடையது இல்லையென்று பார்த்தவுடனேயே கண்டிருப்பாய். போன வெள்ளிக்கிழமை தொட்டிக்குப் பக்கத்தில் சிந்தியிருந்த தண்ணீரில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டேன். மணிக்கட்டில் சின்ன வெடிப்பு, கட்டுப் போட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி வினுஷா எழுதுகிறாள். ஸ்கூலைப் பாதியில் விட்டாலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை மட்டும் விடாமல் போனவள், அது இன்றைக்கு எனக்கு உதவுகிறது.

எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன், ஒன்றையும் ஒளிக்கவில்லை. நாலு கிழமைக்கு முன்னர் கிரான்பர்னிலிருந்து தர்ஷனா அன்ரி வந்தா. அவையள் வீடு மாறுகினம், தங்கள் மீன்தொட்டியை எடுக்கினம் என்று சொல்லி ஒரு குட்டி மஞ்சள் மீனைப் பையில் கொண்டுவந்தா. பார்க்க நல்ல துடிப்பாக இருந்தது. நீ போகும்போது புதிதாக எது வந்தாலும் ஒரு மாதம் வேறாக வைக்கவேண்டுமென்று சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் கொண்டுவந்தவ முன்னால் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறா, அவவின் மீனை ஒரு வாளிக்குள் தள்ளிவைத்தால் என்ன நினைப்பா என்று யோசித்து, பைத் தண்ணீரோடு தொட்டிக்குள் ஊற்றிவிட்டேன். ஐந்தாம் நாள், நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுகிற உன் பெரிய மீனின் செட்டையில் வெள்ளை வெள்ளையாக நாலைந்து புள்ளிகள். அடுத்த நாள் உடம்பெல்லாம். பிறகு அந்த இரண்டு நீல மீன்களுக்கும் வந்தது. கல்லில் போய் உடம்பை உரஞ்சுதுகள்.

மகன், நீ சிரிப்பாய், அல்லது கோபிப்பாய். எனக்கு அதைப் பார்த்தவுடன் மனதில் வந்தது அம்மாள் வருத்தம், அந்த அம்மை நோய்தான். உனக்கு ஆறு வயதில் வந்தபோது இப்படித்தான் முதலில் நாலைந்து, பிறகு உடம்பு நிறைய. அம்மாளுக்கு மருந்து கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, அவ வந்தமாதிரிப் போவா. ஆகவே தமிழ்க் கடையில் காய்ந்த வேப்பிலை வாங்கித் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். லைற்றை அணைத்துவிட்டேன். குசினியில் தாளிக்கவில்லை, பொரிக்கவில்லை, மீன் இறைச்சி என்று வீட்டில் மச்சம் ஒன்றும் சமைக்கவில்லை. வீட்டில் மச்சம் இல்லாதபோது தொட்டிக்குள் மட்டும் எப்படிப் போடுவது என்று மீன்களுக்கும் இறாலும் கணவாயும் நிறுத்தி, காய்ந்த கடற்பாசித் தாள் மட்டும் கொடுத்தேன். பயந்தால் பந்தாக ஊதுகிற உன் பேத்தை மீன் கண்ணாடியில் வாயை வைத்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. மீனுக்கு மச்சம் கொடுக்காத வீடு உலகத்தில் இது ஒன்றுதான் என்று அப்பா சொன்னார், நான் அவரோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை. ஏழாம் நாள் பார்க்கிறேன், ஒரு புள்ளியும் இல்லை, பெரியவர் பளிச்சென்று நிற்கிறார். அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தேன். தர்ஷனாவுக்கும் போன் எடுத்து மஞ்சள் குட்டி நல்லாயிருக்கு என்று சொன்னேன். அதற்கு இரண்டு நாளுக்குப் பிறகு அது செத்துப்போனது. அடுத்த கிழமை பெரியவரின் மேல் உப்பைக் கை நிறைய அள்ளி எறிந்தமாதிரிப் புள்ளிகள். செவுள் நிற்காமல் அடித்தது, ஆள் ஒரு மூலையில் தலையைக் கீழே போட்டபடி நின்றார்.

அப்போதுதான் வினுஷா வாயைத் திறந்தாள். புள்ளி மறைந்தது சுகம் வந்ததால் இல்லை அம்மா, அது ஒரு பூச்சி, மீனில் தின்று வளர்ந்து கீழே விழுந்து, மண்ணில் முட்டை மாதிரி ஒட்டியிருந்து நூற்றுக்கணக்காக வெடித்துத் திரும்பவும் மீனைத் தேடி வரும் என்றாள். கூடு கட்டின நேரத்திலும் மீனில் ஒட்டின நேரத்திலும் மருந்து பிடிக்காதாம், நீந்துகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சாகுமாம். அதனால் மீன்களை வெளியில் எடுத்து வேறு தண்ணீரில் செப்பு மருந்து கொடுக்கவேண்டும், தொட்டியை எழுபத்தாறு நாள் மீனே இல்லாமல் விடவேண்டும் என்றாள். செப்பு மருந்தைத் தொட்டிக்குள் ஊற்றினால் கல்லும் மண்ணும் அதை உறிஞ்சிவிடும், நீ வளர்த்த பவளமெல்லாம் செத்துப்போகும். கடைக்குப் போனில் எடுத்துக் கேள் என்றால், அறியாத ஆட்களோடு கதைக்க அவளுக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். பஸ்ஸில் போய், கேட்கவேண்டியதையெல்லாம் போனில் எழுதிக் கடைக்காரப் பெண்ணிடம் காட்டி, அவள் சொன்னதையும் எழுதுவித்து, மருந்தோடும் தண்ணீரில் செப்பை அளக்கிற பெட்டியோடும் வந்தாள்.

மீன்களைப் பிடித்தது அப்பா. இதை நன்றாக வாசி. நீ போகிற அன்று, உந்த உப்புத் தண்ணித் தொட்டியையும் கொண்டு போ, இல்லையெண்டால் வித்துப்போடுவன் என்று சொன்ன அதே மனிசன் தான் வேலை செய்கிற வெயர்ஹவுசில் கேட்டு மூன்று பெரிய பிளாஸ்ரிக் தொட்டிகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தண்ணீரைப் பாதிக்கு இறைத்து, சாரத்தை மடித்துக் கட்டி, ஏணியில் ஏறித் தோள்வரை கையை விட்டு நின்றார். பெரியவர் இப்போது சாப்பாட்டுக் கோப்பையை விடப் பெரிது, செவுளில் முள் வேறு. முள் வலையில் சிக்கும் என்று வலையை ஒதுக்கிவிட்டு, பெரிய வாளியைத் தண்ணீருக்குள் சரித்து அப்பாவும் வினுஷாவும் அதற்குள் விரட்டிப் பிடித்தார்கள். பேத்தையைத் தண்ணீரை விட்டு வெளியில் தூக்கக் கூடாதாம், காற்றை விழுங்கிவிடுமாம், அதையும் தண்ணீருக்குள்ளேயே வைத்து மாற்றினார்கள். அதற்குச் செப்பும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே அதை மட்டும் மூன்று நாளைக்கு ஒருமுறை புதுத் தண்ணீர் உள்ள வேறு தொட்டிக்கு மாற்றுகிறார்கள், பழையதைக் கழுவிக் காய வைக்கிறார்கள். அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுதல் உப்புக் கரைக்கப் போகிறார். வினுஷா காலையும் மாலையும் செப்பை அளந்து கராஜ் கதவில் எழுதிவைக்கிறாள். குறைந்தால் பூச்சி சாகாது, கூடினால் மீன் செத்துப்போகும். இன்று ஆறாம் நாள். நீல மீன்கள் இரண்டும் சாப்பிடுதுகள். பெரியவர் ஐந்து நாளாக ஒன்றும் தொடவில்லை.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். போன மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நீ வீடியோ கால் எடுத்தபோது வைபை சரியில்லை, கமெரா தெரியவில்லை என்று சொன்னது பொய். வினுஷாவையும் சொல்ல வைத்தேன், அவள் அழுதாள். நீ எடுப்பது முதலில் மீனைப் பார்க்கத்தான் என்று எனக்குத் தெரியும், அதுக்குள்ளே என் முகத்தையும் பார்க்கிறாய், அதுவே எனக்குப் போதும். எட்டு மாதமாக உனக்கும் அப்பாவுக்கும் இடையில் ஒரு சொல் இல்லை. பெரியவரை உனக்குப் பத்தொன்பது வயதில் வட்டம் வட்டமாகக் கோடு போட்ட குட்டியாக வாங்கி, அது வளர வளர நீல மஞ்சள் வரியாக மாறியதை ஒவ்வொரு கிழமையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். அந்த மீனும் போய்விட்டால் இந்த வீட்டுக்கு நீ போன் எடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் மறைத்தேன். பிழை என்னுடையது. தங்கச்சியைப் பேசாதே, தர்ஷனாவையும் பேசாதே. முடிந்தால் ஒரு சனி ஞாயிறு வந்துவிட்டுப் போ. உனக்குத்தான் பெரியவரின் சாப்பாட்டுக் குணம் தெரியும்.

குளிர் தொடங்கிவிட்டது, தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு ரெயின் ஏறாதே. சோறு சமைக்காமல் கடைப் பாணையே மூன்று வேளையும் சாப்பிடாதே. நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நல்லாயிருக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் எனக்கு மற்றதெல்லாம். ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் எடுத்தால் எனக்கு எடுக்காதே, அப்பாவுக்கு எடு. மீனைப் பற்றி மட்டும் கேட்டாலும் போதும்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
இராஜேஸ்வரி

அண்ணா, அம்மா சோற்றைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டா. இது நான் எழுதுவது.

அம்மா பிழை தன்னுடையது என்று எழுதச் சொன்னா, நானும் எழுதினேன். ஆனால் எனக்கு இரண்டாம் நாளே தெரியும். போனில் படம் பார்த்தேன், அதேதான். வேப்பிலை கட்டும்போது நான்தான் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவேண்டுமென்று ஒவ்வொரு நாளும் அம்மாவுக்குப் பின்னால் குசினிக்குப் போவேன், போய்க் கோப்பை கழுவிவிட்டு வருவேன். புள்ளி மறைந்த அன்று அம்மா பொங்கலுக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தா, முகம் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கும் சொல்லவில்லை. அந்த நாட்களில் மீன்களை எடுத்திருந்தால் மஞ்சள் குட்டி செத்திருக்காது, பெரியவருக்கும் இவ்வளவு வந்திருக்காது. நீங்கள் பேசுவதென்றால் என்னைப் பேசுங்கள்.

இன்னொன்று. இன்று காலை பெரியவர் சாப்பிட்டுவிட்டார் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா அதை எழுதச் சொல்லவில்லை, நிச்சயமாகத் தெரிந்த பிறகு எழுதுவோம் என்றா. நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா ஒரு துண்டு கணவாயை விரலில் பிடித்துக்கொண்டு குனிந்தபடி இருபது நிமிடம் இருந்தார். பெரியவர் வந்தார், வாயில் எடுத்தார், துப்பிவிட்டார். திரும்ப எடுத்தார், திரும்பத் துப்பினார். அவ்வளவுதான் நடந்தது. அப்பா கையை எடுக்கவில்லை.

வினுஷா