கோப்பை வரைந்த பலகை

ஆசென்,
நெதர்லாந்து
8 நவம்பர் 1993

அன்புள்ள வீகெருக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம். நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் நான் இன்னும் நம்பவில்லை.

நீ ஜப்பானிலிருந்து அனுப்பிய பந்தய நேரப்பட்டியல்கள் சனிக்கிழமை வந்து சேர்ந்தன. அப்பா மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நாலாவது இடம் பரவாயில்லையே என்று சொல்லிவிட்டு முயல் கூண்டைச் சரிபண்ணப் போய்விட்டார். நான் அப்படி விடுவேனா? நீ சின்ன கார்ட் பந்தய வண்டி ஓட்டிய நாளிலிருந்து நிறுத்துக்கடிகாரம் பிடித்த கை இது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு சுற்றாகப் பார்த்தேன். சுற்றின் முதல் பகுதியிலும் நடுப்பகுதியிலும் உன் அணித்தோழனைவிட நீதான் வேகம். கடைசிப் பகுதியில் மட்டும் ஒவ்வொரு தடவையும் அரை விநாடி காணாமல் போகிறது. அங்கே இருப்பது இடப்பக்கம் திரும்பும் இரண்டு வளைவுகள். ஜூலை வரைக்கும் அதே வளைவுகளில் உன்னைவிட வேகமாகப் போனவர் ஜப்பானில் யாருமே இல்லை. அந்தப் பட்டியல்களையும் நான் தூக்கிப் போடவில்லை.

ஆகஸ்டில் நீ சுவரில் மோதிய பிறகுதான் இது ஆரம்பித்திருக்கிறது. தலைக்கவசத்தில் ஒரு கீறல், இரண்டு நாள் தலைவலி, அவ்வளவுதான் என்று சொன்னாய். சரி, உனக்கு ஒன்றும் ஆகவில்லை, காருக்கு? பழுதுபார்த்த காரை உன் தலையில் கட்டிவிட்டு, நல்லதை அந்த இன்னொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். உங்கள் பொறியாளர் ஹாட்டோரி போட்டோவில் சிரிக்கிற சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. ஜனவரி 12 அன்று ஸ்பெயினில் ஃபார்முலா ஒன் அணி உனக்கு வைக்கும் சோதனை ஓட்டத்துக்கு எந்த ஓட்டுநர்தான் ஆசைப்பட மாட்டார்? உன் வேகம் குறைந்தால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பார்.

இருபத்தேழு வருடம் ஸ்வோல - க்ரோனிங்கன் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவள் நான். டிக்கெட் இல்லாதவனைப் பெட்டிக்குள் நுழையும்போதே கண்டுபிடித்துவிடுவேன். எல்லோரும் பையைத் துழாவும்போது அவன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே மேயும் மாடுகளை அப்படி ஒரு ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருப்பான். ஹாட்டோரியிடம் நேராகக் கேட்டுப் பார். அவர் மாடு பார்க்கிறாரா என்று கவனி.

இன்னொரு விஷயம். போன மாதம் நீ வந்தபோது விட்டுப்போன மேல்கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு தாள் இருந்தது. உன் கையெழுத்தில் மேலே பெரிதாக ஒரே எழுத்து, கீழே இரண்டு, அப்புறம் மூன்று, இப்படி வரிசை வரிசையாகச் சின்னதாகிக்கொண்டே போகிறது. எந்த வார்த்தையும் சேரவில்லை. அணியின் ரகசியக் குறியா? யாராவது பெண்ணா? அப்பா குறுக்கெழுத்துப் போட்டியாக இருக்கும் என்கிறார். அப்பாவுக்கு எல்லாமே குறுக்கெழுத்துப் போட்டிதான்.

டிசம்பர் ஐந்து சின்டர்கிளாஸ் பரிசு மாலைக்கு, யார் யாருக்குப் பரிசு தருவது என்று உன் அக்கா ரூலீன் சீட்டு குலுக்கிப் போட்டுவிட்டாள். உனக்கு யார் பெயர் விழுந்தது என்று அவள் தொலைபேசியில் சொல்லியிருப்பாளே. பரிசையும் கேலிப்பாட்டையும் அவள் முகவரிக்கே அனுப்பிவிடு. யார் யாருக்கு எழுதினார்கள் என்று விசாரிக்கக் கூடாது, எல்லாம் குதிரையேறி வரும் சின்டர்கிளாஸ் தாத்தா அனுப்பியதாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இப்போதே எச்சரிக்கை விட்டிருக்கிறாள். என்மேல் இந்த வீட்டில் யாருக்கும் நம்பிக்கை கிடையாது.

ரொட்டிக்கடைக்காரர் உன் படத்தைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். ஜனவரி பன்னிரண்டாம் தேதிக்கு ஊரே காத்திருக்கிறது. செப்டம்பரில் மருத்துவப் பரிசோதனையில் தேறியதையும் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா


ஆசென்,
22 நவம்பர் 1993

அன்புள்ள வீகெருக்கு,

உன் பதில் வந்தது. நீ சொன்னது சரிதான் அம்மா, இன்ஜினில்தான் ஏதோ கோளாறு என்று எழுதியிருக்கிறாய்.

படித்ததும் எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நீ எந்தக் காலத்தில் இன்ஜின்மேல் பழி போட்டாய்? பதினான்கு வயதில், சக்கரமே கழன்று ஓடிய அன்றுகூட, தப்பு என்னுடையதுதான் என்று நின்றவன் நீ. இப்போது நான் நூல் விட்டுப் பார்த்தவுடன் அப்படியே ஒத்துக்கொள்கிறாய். போதாததற்கு ரூலீனிடம் கியர்பெட்டி என்று சொல்லியிருக்கிறாய். ஒரே ரயில் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஆள் இரண்டு ஊர் பெயர் சொன்னால் நான் என்ன முடிவுக்கு வருவேன் என்று உனக்குத் தெரியும். உன் கடிதம் முழுக்க மாடு பார்க்கிறது, மகனே.

அதனால் ஹாட்டோரியை விட்டுவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகவே வைத்துக்கொள். இப்போது உன்னை யோசிக்கிறேன்.

அக்டோபரில் வந்த அந்த ஒரு வாரம் நீ காரைத் தொடவே இல்லை. அலுப்பாக இருக்கிறது என்று சொல்லி எல்லா இடத்துக்கும் அப்பாவையே ஓட்டவிட்டாய். சைக்கிளில் போய்த் தபால்பெட்டிக் கம்பத்தில் தோளை இடித்துக்கொண்டு வந்தாய். அந்தக் கம்பம் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் நிற்கிறது. காபியைக் கோப்பைக்குப் பக்கத்தில் மேசைமேல் ஊற்றினாய். அப்பா சிரித்தார், நீயும் சிரித்தாய். வழக்கமான நாற்காலியை விட்டுவிட்டு, இடது தோள் சுவரில் படுகிற மூலையில் போய் ஒட்டிக்கொண்டாய். பட்டாணி சூப்பைத் தட்டில் தேடித் தேடிக் குடித்தாய்.

கை தடுமாறுகிறது, நடை தடுமாறுகிறது, வண்டி ஓட்டப் பயப்படுகிறாய், மூலையில் ஒளிந்துகொள்கிறாய். ரயிலில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், நீ குடிக்கிறாயா?

கேட்டதற்குக் கோபப்படு, பரவாயில்லை. ஆனால் எனக்குக் காது குத்தாதே. ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

அம்மா


ஆசென்,
6 டிசம்பர் 1993, காலை

என் அருமை வீகெர்,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அதை எழுதிய கையை எனக்கே பிடிக்கவில்லை. இந்தக் கடிதத்தை மெதுவாகப் படி, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து படி.

நேற்று சின்டர்கிளாஸ் மாலை. ரூலீன் வந்தாள். அடுப்பங்கரை மேசையில் இஞ்சி பிஸ்கட்டைக் கொட்டி வைத்தோம். உனக்காக வாங்கிய, உன் பெயரின் முதலெழுத்து W வடிவச் சாக்லெட்டை உன் நாற்காலியில் வைத்தேன். அப்பாவுக்கு வந்த பாட்டு அவருடைய குறட்டையைப் பற்றியது; எதுகை தடுக்கி விழுகிற இடமெல்லாம் அவர் நிறுத்தி நிறுத்திச் சிரித்தார். கடைசியாக எனக்கு வந்த பொட்டலம். அட்டையில் செய்த மஞ்சள் ரயில். அதற்குள் ஒரு பெட்டி சாக்பீஸும் ஒட்டிய உறையும் இருந்தன. உறைக்குள் என் பெயரைச் சொல்லித் தட்டச்சு அடித்த நாலு வரிப் பாட்டு. வழக்கப்படி எழுந்து நின்று உரக்கப் படித்தேன்.

ஊரார் சீட்டையெல்லாம் சோதிக்கும் ஹில்யே அம்மாள்
சின்டர்கிளாஸ் குதிரைக்கும் சீட்டு எங்கே என்பாள்.
இடப்பக்கம் வருவது யாரென்று தெரியவில்லை,
கோப்பைப் பலகையைக் காட்டு, கேட்க வாய் வரவில்லை.

முதல் இரண்டு வரிக்கு எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த இரண்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். சின்டர்கிளாஸுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் உட்காரவில்லை. யார் எழுதியது என்று ரூலீனைக் கேட்டேன். வீட்டில் தட்டச்சு யந்திரம் வைத்திருப்பவள் அவள்தான். என்னைக் கேலி பண்ண ரயில் போதாதா, கடைசி இரண்டு வரியில் என்ன பொடி வைத்திருக்கிறாய் என்று விடாமல் கேட்டேன். அவள் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, சின்டர்கிளாஸைக்கூட நிக்க வச்சு விசாரிக்கிற ஒரே ஆளு இந்த நாட்டுலயே நீதான். ஒட்டின உறை அப்படியே வந்துச்சு, அப்படியே வச்சேன். எனக்குத் தெரியாது" என்றாள்.

நம்பவில்லை நான். மேலும் இரண்டு கேள்வி கேட்டேன். அவள் சாக்லெட் எழுத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அடுத்து அப்பாவைப் பிடித்தேன்.

அவர் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாய்க்குள்ளேயே படித்தார். பிறகு சொன்னார்: "கோப்பைப் பலகைன்னா, வீகெர் கார்ட் ஓட்டுறப்போ எனக்குக் காபி ரெடின்னு ஒண்ணு காட்டுவியே, அதுவா?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை வருடமாக அவர் அதை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். பாவம், அந்தப் பலகை வெளியே வந்தபோது கையைத் துடைத்துக்கொண்டு காபிக்கு வந்து நின்றார். அது என்னவென்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருநாள் காய்ச்சலோடு ஓட்டி, தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தியெடுத்து, அப்படியும் நிறுத்தாமல் ஒன்பது சுற்றுச் சுற்றினாய் நீ. அன்று ராத்திரி நீ சொன்னாய், நானாகப் பந்தயத்தை விட்டு உள்ளே வர முடியாதும்மா, வந்தா தோத்த மாதிரி, நீ கூப்பிட்டா வருவேன் என்று. அதற்காகத்தான் ஓடுபாதை ஓரத்தில் நீட்டும் பலகையில் சாக்பீஸால் ஒரு காபிக் கோப்பை வரைந்து வைத்தோம். உள்ளே வா, ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கு அவ்வளவுதான் அர்த்தம். இரண்டே இரண்டு தடவைதான் காட்டினேன்.

உன் சீட்டில் என் பெயர் விழுந்திருக்கிறது. என் கேள்விக்கு நீ சின்டர்கிளாஸ் வழியாகப் பதில் எழுதியிருக்கிறாய். எழுதியவர் யாரென்று கேட்கக் கூடாது என்கிற ஒரே ஒரு மாலையைப் பார்த்து எழுதியிருக்கிறாய். நான் அன்றைக்கும் கேட்டுத் தொலைத்தேன்.

பிறகு உன் கோட்டுப் பையிலிருந்த தாளை எடுத்து வந்து அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. மூக்குக்கண்ணாடிக் கடைச் சுவரில் எத்தனை தடவை பார்த்திருப்பேன். அதை மனப்பாடம் பண்ணித்தான் செப்டம்பரில் தேறியிருக்கிறாய். ஆகஸ்டில் பார்வை போன இடது கண்ணால் ஒரு வரியும் படிக்காமல் எல்லா வரியையும் ஒப்பித்திருக்கிறாய். கம்பம், கோப்பை, சுவரோர நாற்காலி, அந்த அரை விநாடி, எல்லாம் வரிசையாக என் எதிரில் வந்து நின்றன. அத்தனையும் எனக்குத் தெரிந்தே இருந்தது. எல்லோரையும் சந்தேகப்பட்டேன், உனக்கு வலிக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

மருத்துவரிடமோ அந்த அணியிடமோ நான் தொலைபேசியில் பேசப் போவதில்லை. எண் கையில் இருக்கிறது, விரல் துறுதுறுக்கிறது. ஆனாலும் பேச மாட்டேன். டிக்கெட் இல்லாதவர் தானாக எழுந்து வந்து சொன்னால், நான் ஒருநாளும் அபராதம் போட்டதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, வீகெர். ஜனவரி பன்னிரண்டாம் தேதி உன் இடப்பக்கம் ஒருவன் வருவான். அவனை நீ பார்க்க மாட்டாய். அவனுக்கும் எங்கேயோ ஒரு அம்மா நிறுத்துக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே. ரொட்டிக்கடைக்காரரிடம் நானே போய்ப் படத்தை எடுத்துவிடச் சொல்கிறேன். ஏன் என்று அவர் கேட்டால், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வார். சாயங்காலம் ரூலீன் வீட்டுக்கும் போக வேண்டும், அவளுடைய சாக்லெட்டை எடுத்துக்கொண்டு.

அப்பா அந்தத் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "வரச் சொல்லு" என்றார். இப்போது கொட்டகையில் உன் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்கிறது. அந்தத் தபால்பெட்டிக் கம்பத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாமா என்று நகராட்சியில் கேட்கப் போகிறாராம்.

பலகை காரை நிறுத்தாது. அது எனக்குத் தெரியும். நான் நீட்டிப் பிடிக்கத்தான் முடியும், உள்ளே திரும்ப வேண்டியது நீதான். நீ அனுப்பிய சாக்பீஸால் இந்தத் தாளில் கோப்பையை வரைந்திருக்கிறேன், உன் கண்ணில் படும்படி வலது ஓரத்தில். பிடி கொஞ்சம் கோணல். விமான நிலையத்திலும் உன் வலப்பக்கமாகத்தான் வந்து நிற்பேன்.

நல்லபடியாக வந்து சேர், என் கண்ணே. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நானும்கூட.

உன்
அம்மா