ஒரு பிளேனையும் விழுத்தாத பீரங்கிக்காரர்

அன்புக்குரிய பியெத்ரோ அண்ணை,

எழுபது வயதிலும் 'ஐயா' என்றால் உங்களுக்குக் கோபம் வரும். அதனால் இன்றும் அண்ணைதான். வெஸ்ட் ஈலிங்கில் உங்கள் கஃபேயை இப்போது நானும் என் மனைவி ஜெயந்தியும் திறக்கிறோம். கோப்பி மெஷின் அவள் தொட்டால் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. அதனிடம் சொல்லிவைத்துவிட்டா போனீர்கள்?

உங்கள் செத்தவீட்டில் எல்லோரும் உங்கள் கோப்பியைப் புகழ்ந்தார்கள். நான் உங்கள் பீரங்கியைப் பற்றிச் சொன்னேன். இரண்டாம் உலகப்போரில், லிபியப் பாலைவனத்தில் இத்தாலிப் படையின் விமான எதிர்ப்புப் பீரங்கியில் இருந்தீர்கள். ஒரு பிளேனும் விழவில்லை. பிடிபட்டு, கைதியாக இங்கிலாந்து வந்து, இங்கேயே தங்கிவிட்டீர்கள். குண்டுகள் அடுக்கிய தட்டைச் செருகினால், சுட்டபின் வெறுங்கோதுகளை அந்தப் பீரங்கியே திரும்பத் தட்டில் அடுக்கிவிடுமாம். "சாப்பிட்ட கோப்பையைத் தானே எடுத்து வைக்கிற, அம்மா வளர்த்த பீரங்கி" என்பீர்கள்.

ஜெயந்தியின் கதையை மட்டும் அங்கே சொல்லவில்லை. அழுதுவிடுவேன் என்று பயம். யாழ்ப்பாணத்தில் குண்டு போட்ட பொம்பர் விமானங்களுக்குத் தப்பி வந்தவள், ஹீத்ரோவில் இறங்கும் ஒவ்வொரு பிளேனுக்கும் மேசைக்குக் கீழே ஒளிந்தாள். தனியே தெருவில் இறங்கமாட்டாள். இப்படியே நாலு சுவருக்குள் கிடந்துவிடுவாளோ என்று நான் தவித்தேன்.

ஒருநாள், அப்போது நான் வேலை செய்த உங்கள் கஃபேயிலும் ஒளிந்தாள். நீங்கள் குனிந்து விசாரித்தீர்கள்.

"எங்கட வீட்டில குண்டு போட்ட பொம்பர் உங்கட இத்தாலியில செய்தது, அண்ணை."

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அப்ப நான் சுட்டிருக்க வேண்டியது அதைத்தான், தங்கச்சி."

பிறகு வாசலில் பால்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, கடை கூட்டுகிற தும்புத்தடியை வானத்துக்கு நீட்டினீர்கள்.

"எனக்குக் கண் மங்கல். என்ன பிளேன் எண்டு நீர் பாத்துச் சொல்லாமல் சுட ஏலாது. அதுதான் பட்டாளத்துச் சட்டம்."

ஜெயந்தி மெல்ல வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"பெரிசு. வாலில சிவப்புக் கோடு. சனம் போற பிளேன்."

"சுடட்டோ?"

"வேண்டாம் அண்ணை. பிள்ளையளும் இருக்கும்."

மறுநாளும் அதே கூத்து, அதற்கடுத்த நாளும். தெருவில் போனவர்கள் உங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கோடை முடியுமுன் ஜெயந்தி தனியாகவே அம்மன் கோயிலுக்குப் போய் வந்தாள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

அடுத்த கிழமை இத்தாலிக்கு, உங்கள் தங்கையைப் பார்க்கப் போகிறோம். ரயிலில் போகலாம் என்று நான்தான் சொன்னேன். "அண்ணையின்ர ஊரை மேல இருந்து பாக்க வேணும்" என்று ஜெயந்தி பிளேனுக்கே டிக்கெட் எடுத்துவிட்டாள், அதுவும் ஜன்னலோரம். உங்களுக்கு லண்டனிலும் ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று அவரிடம் கட்டாயம் சொல்வோம், அண்ணை.

உங்கள் தம்பி,
குகன்